கிழிந்த தவளைக்கு வைத்தியம்

விரால் மீன் பிடிப்பவர்களின் தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கொக்கிகளுக்கும் நரம்புக்கும் நடுவே மெத்தென்ற பிளாஸ்டிக் தவளை ஒன்று படுத்திருக்கும். விரால், செவுளால் மட்டுமன்றி நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும் மீன். அதற்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். அங்கே தவளை நீந்தக் கண்டால் பாய்ந்து கவ்வும். உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோப்பது பழைய வழக்கம். இன்று பலர் போலித் தவளையைக் கொண்டே விராலை ஏமாற்றுகிறார்கள்.

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், அத்தகைய தவளை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். விராலின் பல் பட்டு அதன் வயிறு கிழிந்திருந்தது. உள்ளே நீர் புகுந்ததால், மிதக்க வேண்டிய தவளை மூழ்கிவிட்டது. "சார், பசை போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. தீக்குச்சியைக் காட்டினேன், கருகிப் போச்சு. இதைச் சரிசெய்யவே முடியாதா?" என்று கேட்டார்.

முடியும்! பசையும் வேண்டாம், தீயும் நேரடியாகப் படவேண்டாம். எப்படி என்று அறிவதற்கு முன்னால், அந்தத் தவளை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வோமா?

அதற்கான தடயம் உங்கள் ஜியாமெட்ரி பெட்டியிலேயே இருக்கிறது. அழிரப்பரைப் பிளாஸ்டிக் ஸ்கேலின் மேல் வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போய்வாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்; பிரித்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்கும். பெயர்தான் ரப்பர். இன்று விற்கும் அழிரப்பர்களில் பல, பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. தண்ணீர்க் குழாயும் அதே பி.வி.சி.தான். குழாய் விறைப்பாகவும் அழிரப்பர் மென்மையாகவும் இருப்பது ஏன்? அழிரப்பரில் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்விப்பான் கலந்திருக்கிறது. அது மெல்ல வெளியேறி ஸ்கேலுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. அதுதான் அந்தப் பள்ளத்தின் இரகசியம்.

அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்ற இரசாயன அறிஞர், 1926-இல் பி.வி.சி.யை இவ்வாறு நெகிழ வைக்கும் முறையைக் கண்டார். உலோகத்தோடு ரப்பரை ஒட்டும் பசையைத் தேடப் போனவருக்குக் கிடைத்தது இது! அந்த நிறுவனம் இருந்த ஆக்ரன் நகரிலேயே, 1949-இல் நிக் கிரீம் என்பவர் மென்பிளாஸ்டிக்கில் மண்புழு வார்த்துத் தூண்டில் இரை ஆக்கினார். நம் மாணவரின் தவளையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இத்தகைய மென்மையான இரைகளில் பாதிக்கு மேல் நெகிழ்விப்பானாகவே இருப்பதும் உண்டு.

இனி தவளையின் உள்ளே சென்று பார்ப்போம். பி.வி.சி.யின் ஒவ்வொரு மூலக்கூறும், ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. கோடிக்கணக்கான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்கிறோமே, அதேதான்! நெகிழ்விப்பான் அவற்றுக்கிடையே புகுந்து வழுக்கச் செய்கிறது. ஆனால் ஆங்காங்கே சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொண்டு நுண்ணிய படிகங்களாக நிற்கின்றன. இவை முடிச்சுகள் போன்றவை. தவளை கூழாக வழிந்துவிடாமல் உருவம் காப்பவை இவையே.

தவளை கிழியும்போது சிக்கல் ஓரிடத்தில் பிரிகிறது. இரு விளிம்புகளையும் சேர்த்து அழுத்தினால் மட்டும் போதாது. முடிச்சுகள் பிடித்திருப்பதால் சங்கிலிகள் மறுபக்கம் கடக்க முடிவதில்லை. விளிம்புகளைச் சுமார் 170 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் முடிச்சுகள் இளகும். சங்கிலிகள் பாம்பைப்போல் நெளிந்து எல்லையைத் தாண்டி மறுபக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும். நீண்ட சங்கிலிகள் இவ்வாறு ஊர்ந்து செல்வதை 1971-இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலறிஞர் டி ஜென். பின்னர் 1991-இல் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே இது ஒட்டுவதன்று, மீண்டும் பின்னுவது. பசை தோற்ற காரணமும் இப்போது புரியும். சட்டென்று இறுகும் பசை, விறைப்பான ஏடாக நடுவே நிற்கிறது. தவளை வளைகிறது, ஏடு வளைவதில்லை. எனவே விரிசல் விடுகிறது.

தீக்குச்சி ஏன் கெடுத்தது? பி.வி.சி. இளகும் வெப்பநிலைக்கும் சிதையும் வெப்பநிலைக்கும் இடைவெளி குறைவு. 200 டிகிரியை நெருங்கும்போதே சிதைவு தொடங்கிவிடும். சுடரோ 1,000 டிகிரிக்கும் மேல்! சிதையும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். ஆகவே இந்த வேலையைப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

முதலில் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தவளையைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால், அது ஆவியாகி முடியும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மரப்பிடி போட்ட பழைய கத்தியின் நுனியை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம், அதன் கரி விளிம்புகளுக்கிடையே படிந்து தடையாக நிற்கும். கத்தி சிவக்கக் கூடாது. சிவந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். உதவாத துண்டு ஒன்றில் தொட்டுப் பாருங்கள். புகைந்தால் சற்றுப் பொறுங்கள். புகையாமல் பளபளத்து இளகினால் அதுவே சரியான சூடு.

கத்தியைக் கிழிசலுக்குள் வைத்து இரு விளிம்பும் பளபளத்ததும் உருவி எடுத்து, உடனே விளிம்புகளைச் சேர்த்துப் பிடியுங்கள். இளகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டிச் சுடும். எனவே கிழிசலிலிருந்து தள்ளியே பிடிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். 2 மில்லிமீட்டர் தூரம் வெப்பம் பரவச் சுமார் 40 விநாடி ஆகும். 4 மில்லிமீட்டருக்கோ 80 அன்று, 160 விநாடி! தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஆகவே தடித்த இரையை மூன்று நிமிடமாவது அசைக்காமல் வைத்திருங்கள். அவசரப்பட்டு இழுத்தால், பின்னியவை மீண்டும் பிரிந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படி இணைக்க முடியுமா? முடியாது. சைக்கிள் ட்யூபைப் பாருங்கள். அந்த ரப்பரில் கந்தகம் சங்கிலிகளை நிரந்தரமாகப் பிணைத்திருக்கிறது. சூடாக்கினால் கருகுமே தவிர இளகாது. பஞ்சர் கடையில் ஒட்டுத்துண்டு வைப்பது அதனால்தான். சிலிக்கோன் இரைகளும் அப்படியே. தண்ணீர்க் குழாயை இணைக்கும் பிளம்பரோ வெப்பத்துக்குப் பதிலாக ஒரு கரைப்பானைத் தடவுகிறார். அது சங்கிலிகளைத் தளர்த்திப் பின்னவிட்டு ஆவியாகிவிடுகிறது. வழி வேறு; தத்துவம் ஒன்றே.

"புதுத் தவளை வாங்கினால் போயிற்று" என்று நினைக்கிறீர்களா? கண்மாயில் எறியும் துண்டு மக்குவதில்லை. வட அமெரிக்க ஏரிகளில் பிடித்த ட்ரவுட் மீன்களின் வயிற்றில் இத்தகைய மென்பிளாஸ்டிக் இரைகளைக் கண்டிருக்கிறார்கள். வயிற்றில் நெகிழ்விப்பான் கசிந்து வெளியேற, துண்டு விறைத்துப்போய் அங்கேயே தங்கிவிடக்கூடும். விராலை ஏமாற்றச் செய்த தவளை, விராலுக்கு நஞ்சாகலாமா?

எங்கள் மாணவரின் தவளை மறுநாள் வாளி நீரில் மிதந்தது. வயிற்றில் ஒரு மெல்லிய தழும்பு மட்டும் இருந்தது. இரு பக்கத்துச் சங்கிலிகளும் கை கோத்துக்கொண்ட இடம் அது.