கொழுப்பு தேங்காமல், வாயு அடைபடாமல்

கேஸ் பார்பிக்யூ கிரில்லுக்குள் இரண்டு ஓட்டங்கள் உண்டு. சிலிண்டரில் இருந்து கிளம்பும் புரொப்பேன் வாயு ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் கடந்து பர்னருக்கு வந்து சேர்கிறது. மேலே கம்பித்தட்டில் வேகும் இறைச்சியில் இருந்து உருகும் கொழுப்போ கீழ்நோக்கி இறங்குகிறது. அதில் ஒரு பங்கு பர்னரை மூடியிருக்கும் கூரை வடிவத் தகடுகளில் விழுந்து புகையாகி, இறைச்சிக்கே மணமாகத் திரும்புகிறது. மிச்சம் சரிவான அடித்தட்டில் வழிந்து சிறு கிண்ணத்தில் சேர்கிறது. இந்த இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருப்பதுதான் கிரில் பராமரிப்பு. மூடியைப் பளபளவென்று துடைத்துவிட்டு உள்ளே கை வைக்காமல் விடுவது பராமரிப்பு ஆகாது.

அமெரிக்காவில் இது வெறும் சுத்தம் பற்றிய விஷயம் அல்ல. கட்டடங்களில் நேரும் கிரில் தீ விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், கிரில் சுத்தம் செய்யப்படாமல் இருந்தது என்று அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. சுதந்திர தின விருந்துகள் நடக்கும் ஜூலையில்தான் இத்தகைய விபத்துகள் அதிகம்.

பர்னருக்கு மேல் இருக்கும் தகடுகள் பிற்காலத்தில் வந்தவை. முற்காலக் கிரில்களில் அந்த இடத்தில் எரிமலைக் கற்களைப் பரப்பினார்கள். கல்லின் துளைகளில் கொழுப்பு ஊறி, சூடேறும்போதெல்லாம் குப்பென்று பற்றும். 1985இல் வெபர் நிறுவனம் கொண்டுவந்த ஜெனிசிஸ் கிரில்லில் கற்களுக்குப் பதிலாகச் சாய்வான உலோகத் தகடுகள் இருந்தன. கொழுப்பு தேங்க இடமில்லாமல் வழிந்துவிடும் என்பதே அதன் நுட்பம். அந்தத் தகட்டில் கசடு தடிமனாகப் படிந்துவிட்டால், நுட்பம் வீணாகிக் கிரில் பழைய கற்களின் நிலைக்கே திரும்பிவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சமைக்கும் முன் எல்லா பர்னர்களையும் முழுத் தீயில் வைத்து, மூடியை மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றினால், கம்பிகளில் ஒட்டியிருப்பது கருகி உதிரும் பதத்துக்கு வந்துவிடும். அப்போது தேய்த்தால் எளிதில் போகும். சமைத்து முடித்தபின் இன்னொரு முறை எரிப்பது சிலர் வழக்கம். அதனால் வாயுதான் வீணாகும். முந்தைய சமையலின் மெல்லிய எண்ணெய்ப்பூச்சு கம்பியில் இருப்பது துரு பிடிக்காமலும் காக்கும். ஒரே எச்சரிக்கை: அடியில் கொழுப்பு தேங்கியிருக்கும் கிரில்லை இப்படி முழுத் தீயில் விட்டு அகலக் கூடாது.

எதைக் கொண்டு தேய்ப்பது என்பதில் கவனம் தேவை. கம்பி பிரஷ்தான் காலங்காலமாகப் பயன்படுவது. ஆனால் பழைய பிரஷில் இருந்து உதிரும் முடி போன்ற கம்பித்துண்டு, கம்பித்தட்டில் ஒட்டி, இறைச்சியோடு வயிற்றுக்குள் போய்விடுகிறது. தொண்டையில் குத்துவதில் இருந்து குடலைத் துளைப்பது வரை அது செய்யும் கேடு பெரிது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் இதுபற்றி எச்சரித்தது. 2002 முதல் 2014 வரை இந்தக் காரணத்தால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 1,600க்கும் மேல் என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மரச் சுரண்டியோ, முடியில்லாமல் சுருள்கம்பியால் ஆன பிரஷோ மேல். கம்பி பிரஷ்தான் கையில் இருக்கிறது என்றால், தேய்த்தபின் ஈரத்துணியால் கம்பித்தட்டை ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டே இறைச்சியை வைக்க வேண்டும்.

கம்பித்தட்டின் உலோகத்தைப் பொறுத்தும் கைப்பக்குவம் மாறும். வார்ப்பிரும்பு என்றால் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும், தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. எனாமல் பூசிய தட்டைக் கூர்மையான உலோகத்தால் சுரண்டினால் பூச்சு பெயர்ந்து அந்த இடத்தில் துரு ஏறும். எவர்சில்வர் இவற்றைவிட அதிகம் தாங்கும்.

முழுத் துப்புரவு ஆண்டுக்கு இரண்டு முறையாவது நடக்க வேண்டும். அடிக்கடி சமைக்கும் வீட்டில் அதற்கு மேலும். கிரில் நன்றாக ஆறியபின், சிலிண்டரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மேலிருந்து கீழாக வர வேண்டும். மூடியின் உட்புறத்தில் பெயிண்ட் உரிவது போல் கருஞ்செதில்கள் தொங்கும். அது பெயிண்ட் அல்ல, புகையும் கொழுப்பும் படிந்து கரியானது. சுரண்டி எடுத்துவிடலாம். பிறகு கம்பித்தட்டு, தகடுகள், பர்னரைச் சுற்றிய பெட்டிச் சுவர் என்று சுரண்டியபடியே வந்து, குப்பையெல்லாம் அடித்தட்டில் விழுந்ததும் அதை உருவி வெளியே கொட்ட வேண்டும். கொழுப்புக் கிண்ணத்தை மட்டும் இந்தத் துப்புரவு வரை காக்க வைக்கக் கூடாது. ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் அதைப் பார்ப்பது நல்லது.

அடித்தட்டில் அலுமினியத் தாளை விரித்தால் வேலை மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். தாளின் சுருக்கங்களில் கொழுப்பு குளமாகத் தேங்கி, வடியும் வழி அடைபட்டு, தீப்பிடிக்க அதுவே காரணமாகிவிடும். ஓவனுக்கான காரத் திரவங்களும் வேண்டாம். பல கிரில்களின் பெட்டி அலுமினியத்தால் வார்த்தது, காரம் அதை அரித்துவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போதும்.

அதிகம் கவனிக்கப்படாத உறுப்பு பர்னர். வாயு ஒரு சிறு துவாரத்தில் இருந்து பீறிட்டு பர்னர் குழாயின் வாய்க்குள் நுழையும்போது, அங்குள்ள திறப்பு வழியாகக் காற்றையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் சரியான அளவில் கலந்தால் சுடர் நீலமாக, நிலையாக எரியும். சுடர் முழுக்க மஞ்சளாகிச் சோம்பலாக அசைந்தால் காற்று போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் அந்தத் திறப்பில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். குறுகிய, இருண்ட குழாய்களைச் சில சிலந்திகள் விரும்பித் தேடுகின்றன. அமெரிக்காவில் 2011இலும் 2014இலும் மாஸ்டா நிறுவனம் தன் கார்களைத் திரும்ப அழைத்து எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாயைச் சரிசெய்ய வேண்டிவந்தது, மஞ்சள் சிலந்திகள் அங்கே பின்னிய வலையால்தான்.

கிரில்லில் இந்த வலையின் விளைவு கடுமையானது. உள்ளே போக வழியில்லாத வாயு குழாயின் வாய்ப்பக்கமாகவே வெளியேறி, திருகுகள் இருக்கும் முன்பலகைக்குப் பின்னால் தீப்பற்றும். அதனால் பல கிரில்களில் அந்தத் திறப்பின் மேல் மெல்லிய வலைத்தடுப்பு போடுகிறார்கள். அதையும் தூசி போகத் துடைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த கிரில்லை வசந்தத்தில் முதன்முறை பற்றவைக்கும் முன், பர்னரைக் கழற்றி நீண்ட வளையும் பிரஷ் ஒன்றைக் குழாய்க்குள் விட்டு எடுப்பது கட்டாயம். மேலுள்ள சுடர்த்துளைகளைக் குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும். நெடுக்கில் தேய்த்தால் குப்பை துளைக்குள்ளேயே போய் அடைக்கும். பல்குத்தியால் குத்தினால் முனை முறிந்து உள்ளே தங்கிவிடும். துளைகள் துருவேறி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் பர்னரை மாற்றிவிட வேண்டியதுதான்.

சிலிண்டரை மாட்டியபின் கசிவுச் சோதனை. சோப்புத் திரவத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, பர்னர் திருகுகளை மூடிய நிலையில் சிலிண்டரை மட்டும் திறந்து, இணைப்புகளிலும் குழாய் நெடுகிலும் தடவ வேண்டும். குமிழி வளர்ந்தால் கசிவு. வெடிப்பு விட்ட குழாயை டேப் சுற்றி ஒட்டாமல் மாற்ற வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். இதனால்தான் சிலிண்டரைக் கராஜிலோ நிலவறையிலோ வைக்கக் கூடாது என்கிறார்கள். கிரில்லை எப்போதும் மூடியைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும் என்பதற்கும் காரணம், வாயு உள்ளே சேர்ந்து வெடிக்கும் என்பதே.

சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் கிரில் சூடேற மறுக்கும். பழுதென்று நினைத்துப் பலர் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். சிலிண்டரைச் சட்டென்று திறந்தாலோ, முந்தின நாள் ஒரு பர்னர் திருகை மூட மறந்திருந்தாலோ, உள்ளிருக்கும் பாதுகாப்புக் கருவி அதைக் கசிவாகக் கருதி வாயுவைச் சொட்டுச் சொட்டாக மட்டுமே விடும். எல்லாவற்றையும் மூடி, சிலிண்டரைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி மாட்டி, மிக மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொழுப்பு தெறித்துத் தீ பரவும். பர்னர்களை அணைத்து மூடியை மூட வேண்டும், கை எட்டுமானால் சிலிண்டரையும். தணியாவிட்டால் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

பருவம் முடிந்து ஒதுக்கும்போது, கொழுப்பு மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, கம்பித்தட்டில் எண்ணெய் தடவி, முழுக்க ஆறி உலர்ந்தபின் உறை போட வேண்டும். கிரில்லை உள்ளே கொண்டுபோகலாம். சிலிண்டர் மட்டும் வெளியே, நிமிர்ந்த நிலையில், வெயில் நேராகப் படாத இடத்தில் இருக்க வேண்டும். அதன் கழுத்தில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் புதிய சிலிண்டருக்குப் பன்னிரண்டு ஆண்டு கெடு. அது தாண்டினால் மறுபரிசோதனை முடியாமல் நிரப்பித் தரமாட்டார்கள்.