சென்னைக் கலங்கரை விளக்கத்தின் வரலாறு

கலங்கரை விளக்கம் என்பது இராக்காலத்தில் கடலிற் செல்லும் கப்பல்களுக்குக் கரையின் இருப்பிடத்தை அறிவிக்கும் தீபஸ்தம்பமாகும். சென்னைத் துறைக்கு இவ்விளக்கு ஏற்பட்ட வரலாறும், இத்தகைய விளக்குகளுக்குப் பணம் திரட்டும் முறையும், பொதுப் பணத்தைக் கொண்டு பொதுக் காரியம் நடத்தும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறியத்தக்கவை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1875-ம் வருஷத்திற்குப் பின்னரே கடலில் கற்சுவர்கள் இட்டுத் துறைமுகம் அமைக்கலாயினர். அதற்கு முன்னர் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. இருளில் கரையின் தூரம் அறியாத மாலுமிக்குக் கப்பலும் உயிரும் நிச்சயமில்லை.

இக்குறையை நீக்க, 1796-ம் வருஷத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், பின்னாளில் பொருட்காட்சி சாலையான கட்டிடத்தின் மேல்மாடியில், தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. 1844-ல் கோட்டைக்கு வடக்கே கட்டிய கருங்கல் ஸ்தம்பத்திற்கு விளக்கு மாறிற்று. உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்த ஸ்தம்பத்தை இன்றும் காணலாம். 1894-ல் அதனினும் உயர்ந்த உயர் நீதிமன்றக் கோபுரத்திலும், 1977-ல் மெரினாக் கடற்கரையில் கட்டிய புதிய கோபுரத்திலும் விளக்கு ஸ்தாபிக்கப்பட்டது.

விளக்கை இவ்வாறு உயர்த்துவானேன் எனின், பூமி உருண்டையாதலால் தொலைவிலுள்ள ஒளியைக் கடலின் வளைவு மறைத்துவிடும். 100 அடி உயரத்திலுள்ள விளக்கு, கடல் மட்டத்தில் நோக்குவோனுக்குச் சுமார் 12 மைல் வரையில்தான் தோன்றும். தூரம் இரட்டிக்க வேண்டுமாயின் உயரம் 4 மடங்காக வேண்டும்.

இனி, செலவைப் பற்றிய விஷயம். ஒளியானது கட்டணம் கொடுத்த கப்பலுக்கும் கொடாத கப்பலுக்கும் ஒரே விதமாகத் தெரியும். கொடாதவனுக்கு மட்டும் அதை மறைத்துவைக்க ஒருவராலும் இயலாது. ஆகையால் 1927-ம் வருஷத்திய இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம், துறைமுகங்களுக்கு வந்து செல்லும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்க ஏற்பாடு செய்தது. அதற்குப் பதிலாக 2021-ல் இயற்றப்பட்ட சட்டத்திலும் கப்பல்கள் மீது கட்டணம் விதிக்கும் முறை தொடர்கிறது.

கிராமச் சங்கத்தின் பொது நிதியும் இத்தன்மையதே. அதன் பயனை அனைவரும் விரும்புவர். தம் பங்கைத் தவணையில் செலுத்துவதற்கோ சிலர் தயங்குவர். ஒருவர் வைக்கும் பாக்கி, விதைப்புக் காலத்தில் கடன் வேண்டி நிற்கும் அடுத்த வீட்டுக்காரரின் தேவைக்குத் தடையாகிறது. நூறு இரவு எரிந்த விளக்கானாலும், எண்ணெயின்றி அணைந்த ஓர் இரவில் வரும் கப்பலுக்கு அதனால் பயனில்லை. பஞ்சாயத்தார் வசூலில் கண்டிப்பாக இருப்பதும், அங்கத்தினர்கள் கேளாமுன்னரே தவணையைச் செலுத்துவதும், அவ்விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பதாகும்.