கழுத்துப்பட்டை கழன்ற பிறகு

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற கரைச்சுவர்கள் உடைந்தன. ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சம் புகுந்திருந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார்கள். நாய், பூனைகளுக்கு அந்தப் பேருந்துகளில் இடமில்லை. ஒரு சிறுவன் வைத்திருந்த சின்ன வெள்ளை நாயைக் காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டார். "ஸ்நோபால், ஸ்நோபால்" என்று கதறிய சிறுவன் அழுகை தாளாமல் வாந்தியெடுத்தான் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி சொன்னது. அந்த ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது.

'உயிருக்கே ஆபத்து, இந்த நேரத்தில் நாயைப் பற்றி என்ன கவலை?' என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் வளர்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. புயலுக்கு முன் ஊரை விட்டு வெளியேறாமல் தங்கிவிட்டவர்களிடம் ஃபிரிட்ஸ் நிறுவனம் பின்னர் ஓர் ஆய்வு நடத்தியது. 44 சதவீதம் பேர், செல்லப்பிராணியை விட்டுப் போக மனம் வராததும் ஒரு காரணம் என்றார்கள். பிராணிகளுக்கு வழி செய்யாததால் மனித உயிர்களும் ஆபத்தில் சிக்கின.

வெளியேறியவர்களில் பலர் இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றே நம்பினார்கள். தட்டு நிறையச் சோறும் வாளி நிறையத் தண்ணீரும் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப வாரக்கணக்கானது. நாடெங்கிலுமிருந்து வந்த தன்னார்வலர்கள் படகில் தெருத்தெருவாகப் போய், பூட்டை உடைத்து, பரணிலும் கூரையிலும் ஒடுங்கிக் கிடந்த பிராணிகளை இறக்கினார்கள். எந்த வீட்டில் என்ன பிராணி இருந்தது, தீனி வைத்தாயிற்றா என்பதையெல்லாம் அடுத்து வரும் குழுவுக்காகச் சுவரிலேயே வண்ணத்தால் எழுதிவைத்தார்கள். கன்சாலஸ் என்னும் ஊரில் இருந்த லாமர்-டிக்ஸன் கண்காட்சித் திடல், ஆயிரக்கணக்கான நாய்களும் பூனைகளும் வந்துசேரும் முகாமானது.

உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது. யாருடைய உயிர் என்பதுதான் தெரியவில்லை. பெரும்பாலான பிராணிகளிடம் எந்த அடையாளமும் இல்லை. முகாமில் இடம் போதாமல் கலிஃபோர்னியா வரை பல மாநிலங்களுக்கு லாரியிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே அவற்றைப் புதுக் குடும்பங்கள் தத்தெடுத்தன. அகதியாக அலைந்த பழைய உரிமையாளர் மாதங்கள் கழித்து இணையத்தில் தன் நாயின் படத்தைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, சில புதிய வீட்டார் தர மறுத்தார்கள். நீதிமன்றம் வரை போன அந்த வழக்குகளைச் சொல்கிறது, 'மைன்' என்ற 2009ஆம் ஆண்டு ஆவணப்படம். இரண்டு தரப்பும் அந்த நாயை உண்மையாகவே நேசித்தன என்பதுதான் இதில் மனதை வருத்துவது. ஆனாலும், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் நாயைப் பராமரிக்கத் தகுதியற்றவர் என்று சிலர் வாதிட்டது கொடுமை.

2006 அக்டோபரில் அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது. பேரிடர்த் திட்டம் தீட்டும் மாநிலங்கள் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது அது. 2008இல் குஸ்தாவ் புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் மக்களோடு அவர்களின் பிராணிகளையும் ஏற்றிச் சென்றார்கள்.

ஒரு பிராணி தொலைந்துபோகப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் தீபாவளி வெடிச் சத்தம் போதும். மிரண்டு ஓடும் நாய் கால் போன போக்கில் ஓடிவிடும். கழுத்துப்பட்டை எங்கோ மாட்டிக் கழன்றுவிட்டால், மறுநாள் காலை வேறொரு தெருவில் அதுவும் ஒரு தெருநாய்தான். அதற்கும் ஒரு வீடு உண்டு என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் மைக்ரோசிப். அரிசி அளவே இருக்கும் இதைக் கால்நடை மருத்துவர் ஊசி வழியாகத் தோலுக்கடியில் வைத்துவிடுவார். பேட்டரி கிடையாது. இருக்குமிடத்தையும் அது காட்டாது. காட்டும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே உரிமையாளரின் பெயரும் தொலைபேசியும் பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், சிப் உள்ள நாய்களில் 52 சதவீதத்துக்கு மேல் வீடு திரும்பின. காப்பகங்களுக்கு வந்த நாய்களை மொத்தமாகப் பார்த்தால் அது 22 சதவீதம்தான். பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரியது: சிப் இருந்தவற்றில் 38 சதவீதத்துக்கு மேல், மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், தொலைபேசி எண் மாறியிருந்தது அல்லது துண்டிக்கப்பட்டிருந்தது.

பூனையைத் தொலைத்தவர்கள் செய்யும் தவறு வேறு. அக்கம்பக்கத்தில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பக் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன என்கிறது 2018இல் வெளியான ஓர் ஆய்வு. பயந்த பூனை கூப்பிட்டால் வராது, குரலும் கொடுக்காது. பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியிலும், கார் ஷெட்டிலும், நிறுத்தியிருக்கும் வண்டிக்குக் கீழும் இரவில் டார்ச் அடித்துத் தேடுவதே பலன் தரும்.

கண்டெடுத்தவருக்கும் வேலை இருக்கிறது. மிரண்ட பிராணி கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடும்போது ஓர் அடையாளத்தை, வயிற்றிலுள்ள மச்சத்தையோ பழைய தழும்பையோ, வெளியிடாமல் வைத்திருப்பது நல்லது. தேடி வருபவர் அதைச் சொல்லட்டும். நல்ல இன நாய் என்றால் உரிமை கொண்டாட இரண்டு மூன்று பேர் வந்துவிடுவார்கள்.

காதைப் பார்ப்பதும் முக்கியம். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட தெருநாய். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள், கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. நல்லது செய்கிறோம் என்று நினைத்து அதை வண்டியில் ஏற்றி வேறு பேட்டையில் இறக்கிவிடுபவர்கள் உண்டு. தன் தெருவையும், தினம் சோறு வைத்த கையையும் இழக்கும் அந்த நாய், புது இடத்து நாய்களிடம் கடிபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தேடுகிறவர் பழைய தெருவில் இருக்கலாம். டீக்கடைக்காரரோ, வாசலில் கோலம் போடும் பாட்டியோ, இரவுக் காவலாளியோ. அவர்கள் பெயரில் எந்த உரிமமும் கிடையாது. எந்த சிப்பிலும் அவர்கள் எண் இருக்காது. பிடித்துப் போகும் முன் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தாலே அவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.