நஞ்சின் கணக்கு – 14: பதினைந்து விநாடி அவகாசம்

நீர்த்தெள்ளுகளை வைத்து நஞ்சை அளக்கும் ஆய்வகம் எந்த நாட்டில் இருந்தாலும், அதன் அலமாரியில் ஆரஞ்சு நிறப் படிகம் ஒரு புட்டி இருக்கும். பொட்டாசியம் டைகுரோமேட். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பலரும் பார்த்த நிறம்தான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைத் தண்ணீரில் கரைத்து, வளர்த்து வைத்திருக்கும் தெள்ளுகளை அதில் விட்டுப் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தில் பாதித் தெள்ளுகள் நீந்த முடியாமல் நின்றுபோகும் அளவு லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கும் 2.1 மில்லிகிராமுக்கும் இடையில் வர வேண்டும். வந்தால் ஆய்வகம் வேலையைத் தொடரலாம். அதற்குக் கீழே போனால் தெள்ளுகள் நோஞ்சானாகிவிட்டன, மேலே போனால் மரத்துப்போய்விட்டன அல்லது கரைசல் கலந்தவர் கணக்கில் தவறிவிட்டார். நஞ்சைச் சோதிக்கத் தெள்ளு. தெள்ளைச் சோதிக்க இன்னொரு நஞ்சு.

சென்ற வாரம் தோல் பதனிடும் குரோமியத்தைப் பார்த்தோம். அது மூன்று இணைதிறன் கொண்டது, ஒப்பீட்டளவில் சாது. டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். இரண்டுக்கும் உள்ள தூரத்தை உயிரணுவின் வாசலில் பார்க்கலாம். உயிரணுக்கள் தங்களுக்குத் தேவையான சல்பேட்டை உள்ளே எடுத்துக்கொள்ளத் தனி வழி வைத்திருக்கின்றன. தண்ணீரில் கரைந்த குரோமேட் வடிவத்தில் ஏறக்குறைய சல்பேட்டைப் போலவே இருக்கும். சித்தப்பா சாயலில் வந்தவரை யாரென்று கேட்காமல் உள்ளே உட்கார வைக்கும் வீடு மாதிரி, உயிரணு குரோமேட்டுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் அது மூன்று இணைதிறன் வடிவத்துக்கு இறங்குகிறது. இறங்குகிற வழியில்தான் மரபுப்பொருள் உட்பட எல்லாவற்றையும் சேதப்படுத்துகிறது.

அளக்கும் கருவி, பிறந்த நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட நிறையாத ஓர் உயிர். டாப்னியா மேக்னா. நீர்த்தெள்ளு என்ற பெயரில் தெள்ளு இருந்தாலும் நாய்த்தெள்ளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை; இது இறால், நண்டின் இனம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போனவர்கள் மீன்குஞ்சுகளுக்கு உயிருணவாக விற்கும் மொய்னாவைப் பார்த்திருப்பார்கள்; அதன் பெரிய சகோதரி என்று சொல்லலாம். உடல் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் நுண்ணோக்கியின் கீழ் முதுகுப் பக்கம் இதயம் துடிப்பதும், பாசி தின்றிருந்தால் குடல் பச்சையாக ஓடுவதும், அடைப்பையில் முட்டைகள் கிடப்பதும் தெரியும். குளத்தில் பாசியைத் தின்பது இது, இதைத் தின்பவை மீன்கள். நடுவிலுள்ள இந்தக் கண்ணி அறுந்தால் மேலும் கீழும் குழம்பும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆய்வகக்காரர்கள் அதிகம் வாய் திறந்து சொல்லாதது: மலிவு. ஒரு கண்ணாடிச் சாடி, கொஞ்சம் பாசி போதும்.

சாதாரண நாளில் அங்கே பெண்கள் மட்டும்தான். ஆண் துணையின்றி, தங்களை அப்படியே நகலெடுத்த பெண் குஞ்சுகளை ஈன்றுகொண்டே இருப்பார்கள். 20 டிகிரி வெப்பத்தில் பிறந்து எட்டு, பத்து நாளில் முதல் ஈற்று, பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. ஒரே மரபுப்பொருள் என்பதால் இந்தத் தெள்ளுக்கும் அந்தத் தெள்ளுக்கும் பிறவி வேறுபாடு இல்லை. சோதனைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் இரை குறைந்தாலோ கூட்டம் நெரிந்தாலோ பகல் நேரம் சுருங்கினாலோ சாடியில் ஆண்கள் தலைகாட்டுவார்கள். பிறகு வறட்சியையும் குளிரையும் தாங்கும் தடித்த ஓட்டு முட்டைகள் வரும். இயற்கையில் அது பிழைக்கும் தந்திரம். சோதனை விதிப்படி அது ஆபத்து அறிகுறி: ஆண் தென்பட்ட சாடியிலிருந்து குஞ்சு எடுக்கக் கூடாது.

ஒரு மருந்தையோ சாயத்தையோ சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். விதிமுறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984-ல் வெளியிட்டு 2004-ல் திருத்திய 202-ஆம் எண் வழிகாட்டி. கணக்கு எளிது. லிட்டருக்கு 0.25, 0.5, 1, 2, 4 மில்லிகிராம் என்று ஐந்து செறிவுகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி ஆகாது. ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு கோப்பை, கோப்பைக்கு ஐந்து குஞ்சு. நஞ்சே கலக்காத தண்ணீரிலும் அதே போல் நான்கு கோப்பை. மொத்தம் 24 கோப்பை, 120 குஞ்சு. எல்லாம் பிறந்து 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அவற்றை வாய் அகன்ற கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, தண்ணீர்ப் பரப்புக்கு அடியில் விட வேண்டும். பரப்புக்கு மேலிருந்து விட்டால் ஓட்டுக்கடியில் காற்று புகுந்து தெள்ளு மிதந்துவிடும், நஞ்சில்லாமலே நின்றுவிடும். இந்தச் சோதனையில் கைத்திறன் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

பிறகு 48 மணி நேரம். சோறு கிடையாது, காற்று ஊதுவது கிடையாது. வெப்பம் 18 முதல் 22 டிகிரிக்குள். சென்னைச் சித்திரையில் இதைச் செய்ய நினைப்பவர் தெள்ளுக்குச் செலவிடுவதைவிட ஏசிக்கு அதிகம் செலவிடுவார்.

24-வது மணியிலும் 48-வது மணியிலும் ஒருவர் ஒவ்வொரு கோப்பையையும் மெல்லக் கலக்கிவிட்டுப் பார்ப்பார். பதினைந்து விநாடிக்குள் நீந்தாத தெள்ளு அசைவிழந்ததாகக் கணக்கு. உணர்கொம்பு ஆடிக்கொண்டிருந்தாலும் சரி, நீந்தவில்லையென்றால் முடிந்தது. இதயம் துடிக்கலாம், அது இன்னும் சாகாமல் இருக்கலாம். ‘செத்ததா’ என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். ‘நீந்துகிறதா’ என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். தவிர, குளத்தில் நீந்தாத தெள்ளு மீன்வாயிலோ சேற்றிலோதான் போய்ச் சேரும். நஞ்சில்லாத கோப்பைகளில் பத்து சதவீதத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால் முழுச் சோதனையும் குப்பைக்கூடைக்கு.

கிடைத்த எண்ணிக்கைகளைக் கோடாக வரைந்து, பாதித் தெள்ளுகள் நிற்கும் அளவைக் குறிப்பார்கள். ஏன் பாதி? எல்லாம் பிழைத்த அளவு என்றோ எல்லாம் நின்ற அளவு என்றோ ஏன் எடுக்கவில்லை? கோட்டின் இரு நுனிகளிலும் ஒரேயொரு பலவீனமான தெள்ளு முடிவையே மாற்றிவிடும். அங்கே நம்பகம் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் தெள்ளு வேண்டும். நடுவில் இருபது போதும். ஆகவே இந்த எண் ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்வதில்லை. ஓர் ஊரில் பாதிப் பேர் விழும் அளவைப் பாதுகாப்பான அளவு என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் விளம்பரத் துண்டுகளில் அந்தத் தொனி அடிக்கடி கேட்கிறது.

இந்த வழிகாட்டி வருவதற்கு முன்பே ஆலைக் கழிவுகளைத் தெள்ளால் அளந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பெர்டில் ஆண்டர்சன். தொழிற்சாலைக் கழிவில் வரும் பல பொருள்களுக்கு டாப்னியா தாங்கும் எல்லை என்ன என்று 1944-ல் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு ஆண்டு கழித்து ஈரி ஏரித் தண்ணீரில் உலோகக் குளோரைடுகளைக் கலந்து பார்த்ததை எழுதினார். ஆய்வகத் தண்ணீரில் அல்லாமல் ஏரித் தண்ணீரில் செய்தது எனக்குப் பிடித்த விஷயம். தண்ணீரின் கடினத்தன்மை மாறினால் உலோகத்தின் கடியும் மாறும்.

இன்று ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் பொருளுக்குப் பொதுவாக இந்தச் சோதனை கேட்கப்படுகிறது. முடிவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருந்தால், பீப்பாயில் காய்ந்த மரமும் செத்த மீனும் வரைந்த சின்னம் ஒட்ட வேண்டும். ஆற்றில் எவ்வளவு இருக்கலாம் என்று கணிக்கும்போது பாசி, தெள்ளு, மீன் மூன்றின் குறுகிய காலச் சோதனைகளில் மிகக் குறைந்த எண்ணை எடுத்து ஆயிரத்தால் வகுக்கிறார்கள். அந்த ஆயிரத்தை எந்தக் கருவியும் அளந்து தரவில்லை. எங்களுக்குத் தெரியாதது இவ்வளவு என்று நிபுணர்கள் எழுத்தில் கொடுத்த ஒப்புதல் அது. நம் நாட்டில் ஆலைக் கழிவுநீருக்கான பொது விதி மீனை நம்புகிறது: நீர்த்துப்போகாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனி எல்லையும் உண்டு, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இந்த விதியைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. அங்கே நிலத்தடி நீரின் மஞ்சளைப் பார்க்கத் தெள்ளும் தேவையில்லை, நுண்ணோக்கியும் தேவையில்லை.

தெள்ளு கைவிரிக்கும் இடம் வேறு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் வயிறு நிறைய முட்டையோடு செத்து மிதப்பதை 1990-களிலிருந்து பார்த்துவந்தார்கள். அதே ஓடையில் சம் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலை நீரைச் சந்தேகித்தார்கள், பிறகு டயரை. டயர்த் துகள் ஊறிய நீரில் இருந்த ஏறக்குறைய இரண்டாயிரம் பொருள்களைப் பிரித்துப் பிரித்துக் கழித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தைச் சேர்ந்த ஜென்யூ டியான், எட்வர்ட் கோலோட்சீஜ் குழுவினர் 2020 டிசம்பரில் ஒரு பெயரைச் சொன்னார்கள்: 6பிபிடி-குயினோன். டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து பிறக்கும் பிள்ளை. பாதிக் கோஹோக்களைக் கொல்லும் அளவு, பின்னர் திருத்திய கணக்கில், லிட்டருக்கு 95 நானோகிராம்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-ல் இதே பொருளை டாப்னியா மேக்னாவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கரைகிற மட்டும் கரைத்தும் 48 மணி நேரத்தில் தெள்ளுகள் நீந்திக்கொண்டே இருந்தன. வரிக்குதிரை மீனும் மெடாக்கா மீனும் அப்படியே. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளைகள் எல்லாமே தேர்ச்சி. ஆயிரத்தால் வகுக்கலாம்தான், வகுப்பதற்கு ஓர் எண் வேண்டுமே. தவிர, பதிவுக்குப் போவது தாய்ப்பொருள்தான். தெருவில் அது என்னவாக மாறும் என்பது கோப்பைக்குள் வருவதே இல்லை.

பிரச்சினையை விடாமல் துரத்தியவர்கள் சால்மனை நம்பி வாழும் பழங்குடிகள். யூராக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் ஆகிய மூன்று சமூகங்கள் டயரில் 6பிபிடியைத் தடுக்கக் கேட்டுக் கொடுத்த மனுவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 நவம்பரில் ஏற்றது. கலிபோர்னியா அதற்கு ஒரு மாதம் முன்பே 6பிபிடி உள்ள டயர்களை மாற்றுத் தேட வேண்டிய பொருளாக அறிவித்தது. டயர் நிறுவனங்கள் 2024-ல் மாற்றுகளைப் பற்றிய முதல் அறிக்கையைக் கொடுத்தன. எந்த மாற்று வந்தாலும் அது முதலில் 24 கோப்பைகளுக்குள் போகும். கூடவே, ஓசோன் பட்ட அதன் பிள்ளையையும் கோஹோ குஞ்சுகளிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கோஹோவைச் சாடியில் வளர்க்க முடியாது, ஏற்பாடும் மலிவில்லை. அந்தச் செலவு யார் தலையில் என்பதுதான் கேள்வி.

(தொடரும்)