பலகைப் பாதையில் ஒரு காலை

வெள்ளவத்தை வாய்க்கால் என்றால் எமக்கு நினைவுக்கு வருவது நாற்றமும் நுளம்பும்தான். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. வாய்க்கால் வழியே பின்னோக்கிப் போனால் கிருலப்பனையைத் தாண்டிக் கோட்டே சதுப்பு நிலங்களை அடையலாம். கொட்டாஞ்சேனைக்கு அப்பால், முகத்துவாரத்தில் கடலில் கலப்பதும் இதே நீர்த்தொகுதிதான்.

கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது. பெருமழையைத் தேக்கி மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது அதன் வேலை. மண் போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்பினால் வெள்ளம் வேறிடம் தேடும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே அது புகுந்தது. 2018 ஒக்டோபரில், உலகில் முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் இடம்பெற்றது.

அந்த ஈரநிலங்களில் ஒன்றுதான் கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா. சுமார் 18 ஹெக்டேயர் பரப்பு. சதுப்பின் மேலே மரப்பலகைப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து வைத்தியசாலைக்காக வந்து என்னோடு தங்கியிருந்த சித்தியின் மகளை அங்கே கூட்டிப்போக விரும்பினேன். 2009 இல் முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டதிலிருந்து அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

"தண்ணியும் சேறும் பாக்கவோ கூட்டிக்கொண்டு போறியள்? நந்திக்கடல்ல பாத்தது காணும் அக்கா" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள்: "அங்க கழிவறை எப்பிடி?"

இந்தக் கேள்வியின் பாரம் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். வெளியே போகும் நாளில் பலர் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் சிறுநீர்த் தொற்று இலகுவில் வரும், சிறுநீரகமும் கெடலாம். வீட்டார் இதை வீண்பிடிவாதம் என்று ஏசுவதை நான் கேட்டிருக்கிறேன். பிடிவாதம் அல்ல, போக இடமில்லை. நாங்கள் காலையிலேயே போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்புவதென்று முடிவெடுத்தோம். தண்ணீர்ப் போத்தலையும், இருக்கைப் புண் வராதிருக்க மெத்தையையும் எடுத்துக்கொண்டோம். நாற்காலியை மடித்து ஓட்டோவின் பின்னால் கட்டி, நுகேகொடை, பிட்டகோட்டை ஊடாகப் போனோம்.

முதலில் நான்தான் தள்ளினேன். சில்லுக்கடியில் பலகைகள் தடதடத்தன. இருபுறமும் புல்லும் கறுத்த நீரும். அன்னமுன்னா இனத்து வெளிநாட்டு மரமொன்று இந்தச் சதுப்புகளில் காடாகப் பரவியிருக்கிறது. அதன் நிழலில் ஒரு கபரகொய்யா எங்களைச் சட்டை செய்யாமல் நீந்திப் போனது. கோட்டே அரசின் தலைநகருக்கு ஒரு காலத்தில் இந்தச் சேறுதான் அரண். யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாள் இங்கிருந்து புறப்பட்டவன்தான் என்று நான் சரித்திரம் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"கையை விடுங்கோ அக்கா" என்றாள்.

விட்டேன். அவள் தானே உருட்டிக்கொண்டு போனாள். ஊரில் அவளுடைய முற்றம் மணல். முன்சில்லு புதைந்துவிடும். படலை வரை போவதற்கும் யாராவது தள்ள வேண்டும். வீட்டுக்கு வெளியே தன் கையால் அவள் அவ்வளவு தூரம் போய் நான் பார்த்ததில்லை. நீர் விரிந்து கிடந்த ஓரிடத்தில் நின்றாள். நான் கிட்டப் போகவில்லை. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துத் திரும்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அந்தப் பக்கமும் போவம்" என்றாள்.

திரும்பும் வழியில்தான் கேட்டாள்: "வங்காலையிலயும் பறவையள் வருதாம். அங்க இப்பிடி ஒரு பாதை போட ஏலாதோ?"

நியாயமான கேள்வி. வங்காலை 2008 இல் சரணாலயமானது, 2010 இல் ராம்சார் தலமானது. நந்திக்கடலும் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. காவல் பறவைக்குக் கிடைத்தால் போதுமா? அக்கரையில் வாழ்பவளும் அதைப் பார்க்க வேண்டாமா?

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுவலுவுள்ளோரின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா வழக்காடி, 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் கட்டளையைப் பெற்றார். 2016 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை ஓய்வையும் பொழுதுபோக்கையும்கூட உரிமை என்கிறது. வைத்தியசாலைக்குச் சாய்தளம் கேட்கத் துணியும் நாம், குளக்கரைக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சம் தேவையில்லாதது.

கேட்கும்போது அளவோடு கேட்க வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. அதைவிடச் செங்குத்தாகச் சாய்தளம் கட்டிவிட்டு, படம் எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. சில்லு வழுவி விழாதிருக்கப் பாதையின் ஓரத்தில் சிறு தடுப்பும், இரண்டு நாற்காலிகள் விலகிப் போக இடையிடையே அகலமும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாவைக் கேட்டு வாங்கினாள். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். கொப்பித்தாளில் எழுதி மடித்துக்கொண்டாள். ஊருக்குப் போனதும் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதப்போகிறாளாம், முதலில் நூலகத்து வாசற்படியைப் பற்றி.