கடற்கரையில குளிக்கத் தடை... தீவையே வாங்கிய டார்சி!

அமெரிக்காவின் மயாமி நகரத்தை ஒட்டி ஃபிஷர் தீவுன்னு ஒண்ணு இருக்கு. இன்று பெரும் பணக்காரர்களின் முகவரி அது. பாலம் கிடையாது, படகில்தான் போகணும். 1918-ல் அதை விலைக்கு வாங்கியவர், தச்சு வேலைக்காக மயாமி வந்த ஒரு கறுப்பினத்தவர்னு சொன்னா நம்புவீங்களா?

பேர் டானா ஆல்பர்ட் டார்சி. ஜார்ஜியாக்காரர். மயாமிக்கு ரயில் பாதை கொண்டுவந்த ஃபிளாக்லரின் கம்பெனியில் தச்சர். அங்கே உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள், ஓவர்டவுன் மாதிரி ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மட்டும்தான் குடியிருக்கலாம். வாடகை வீட்டுக்கு அவ்வளவு கிராக்கி. டார்சி கவனிச்சது அதைத்தான். 25 டாலருக்கு ஒரு மனை, அதில் ஒரு வீடு. வர்ற வாடகையில் அடுத்த மனை, அடுத்த வீடு. இன்னிக்கு யூடியூப்ல 'பாசிவ் இன்கம்'னு சொல்லித்தர்ற அதே கணக்கு! மயாமியின் முதல் கறுப்பின மில்லியனர்னு பேர் வாங்கினார்.

ஆனா, அந்த மில்லியனரும் மயாமி கடற்கரையில் குளிக்க முடியாது. கறுப்பினத்தவருக்குத் தடை. அதனால்தான் தீவையே வாங்கினார். தன் மக்களுக்காக அங்கே ஒரு ரிசார்ட் கட்டணும்னு ஆசை. நடக்கலை. 1919-ல் கார்ல் ஃபிஷர் என்கிற வெள்ளையின ரியல் எஸ்டேட் அதிபருக்குத் தீவை விற்றுவிட்டார். இப்போ தீவுக்கு இருக்கிறது அவர் பேர்தான்.

டார்சி பேர் ஓவர்டவுன் பக்கம் ஒரு பூங்காவில் இருக்கு. பள்ளிக்கூடத்துக்கும் நிலம் கொடுத்தவர் அவர். 1940-ல் இறந்தார். மயாமியில் கறுப்பினத்தவருக்கென்று அதிகாரபூர்வமாக ஒரு கடற்கரை திறந்தது, 1945-ல்.