சிதம்பரம் மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாறு

சிதம்பரம் மக்களவைத் தொகுதி தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுள் 27-ஆவது தொகுதி ஆகும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 7 தனித் தொகுதிகளில் இதுவும் ஒன்று. கடலூர், அரியலூர், பெரம்பலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ள இத்தொகுதியில் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் (தனி) ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்காளர்களிலோ பெரும்பான்மையினர் பிற சாதியினர். தலித் மக்களும் வன்னியர்களும் பெரும் எண்ணிக்கையில் வாழும் இப்பகுதியில், தனித் தொகுதியின் உறுப்பினரை உண்மையில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்துள்ளது.

தொடக்க காலம்

1952-ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் சிதம்பரம் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. 1957-இல் அது இரட்டை உறுப்பினர் தொகுதியாகத் தோன்றியது. அந்த முறையில் ஒரே தொகுதியிலிருந்து பொது உறுப்பினர் ஒருவரும் பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவரும் தேர்வாயினர். வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. காங்கிரசின் ஆர். கனகசபைப் பிள்ளையும் எல். இளையபெருமாளும் அவ்வாறு வெற்றி பெற்றனர். காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த இளையபெருமாள், தீண்டாமை குறித்து ஆராய நடுவண் அரசு 1965-இல் அமைத்த குழுவின் தலைவராகப் பின்னர் நாடறியப்பட்டவர். அக்குழுவின் அறிக்கை 1969-இல் வெளிவந்தது.

இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. 1962-இல் கனகசபைப் பிள்ளை மீண்டும் வென்றார். 1967-இலும் 1971-இலும் தி.மு.க.வின் வி. மாயவன், 1977-இல் அ.தி.மு.க.வின் அ. முருகேசன், 1980-இல் தி.மு.க.வின் வி. குழந்தைவேலு, 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரசின் ப. வள்ளல்பெருமான், 1996-இல் தி.மு.க.வின் வி. கணேசன் என்று பட்டியல் நீள்கிறது. இக்காலத் தேர்தல்களில் மாநிலம் முழுதும் வீசிய அலையே சிதம்பரத்திலும் வீசியது. வள்ளல்பெருமானின் மூன்று வெற்றிகளும் காங்கிரசு, அ.தி.மு.க. கூட்டணியின் வெற்றிகளே.

பா.ம.க.வின் மூன்று வெற்றிகள்

1998-இல் நிலைமை மாறியது. வன்னியர் சங்கத்தின் வழி வந்த பாட்டாளி மக்கள் கட்சி, தலித் எழில்மலையைச் சிதம்பரத்தில் நிறுத்தி வென்றது. அவர் வாச்பாய் அமைச்சரவையில் நலவாழ்வுத் துறை இணையமைச்சர் ஆனார். (பின்னர் அ.தி.மு.க.வில் சேர்ந்த இவர், 2001-இல் திருச்சிராப்பள்ளி இடைத்தேர்தலில், அதாவது ஒரு பொதுத் தொகுதியில், வெற்றி பெற்றார். தமிழ்நாட்டில் அரிதாகவே நடப்பது இது.) 1999-இலும் 2004-இலும் அதே கட்சியின் இ. பொன்னுசாமி வென்றார். அவரும் நடுவண் இணையமைச்சராகப் பெட்ரோலியத் துறையில் இருந்தவர்.

மூன்று வெற்றிகளும் மூன்று வெவ்வேறு அணிகளில் கிடைத்தவை. 1998-இல் பா.ம.க. அ.தி.மு.க.வுடனும் பா.ச.க.வுடனும் நின்றது, 1999-இல் தி.மு.க.வுடனும் பா.ச.க.வுடனும், 2004-இல் தி.மு.க.வுடனும் காங்கிரசுடனும். அணி மாறினாலும் தொகுதி கைவிட்டுப் போகவில்லை. வன்னியர் வாக்குகளோடு ஒரு பெரிய திராவிடக் கட்சியின் வாக்குகளும் சேர்ந்தால், தலித் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் எதிரணியில் இருந்தாலும் தனித் தொகுதியை வெல்ல முடியும் என்பதை இந்தத் தேர்தல்கள் காட்டின.

திருமாவளவனும் சின்னங்களும்

அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள், 1999-இல் தமிழ் மாநிலக் காங்கிரசின் அணியில் முதன்முறையாகக் களமிறங்கினர். தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் அக்கட்சியின் சைக்கிள் சின்னத்தில் போட்டியிட்டார். வாக்குப்பதிவு நாளில் தொகுதியின் பல ஊர்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. வாக்குச்சாவடிக்கே போக முடியவில்லை என்று பல ஊர் மக்கள் முறையிட்டனர். அப்படியும் அவர் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று இரண்டாமிடம் வந்தார். 2004-இல் ஐக்கிய சனதா தளத்தின் அம்பு சின்னத்தில் நின்று மீண்டும் இரண்டாமிடம் பெற்றார்.

2009-இல் தி.மு.க. அணியில் நட்சத்திரம் சின்னத்தில் நின்ற திருமாவளவன் 4,28,804 வாக்குகள் பெற்று, இம்முறை அ.தி.மு.க. அணிக்கு வந்திருந்த பொன்னுசாமியை 99,083 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார். 2014-இல் சின்னம் மோதிரம். அ.தி.மு.க. தனித்து நின்று 37 தொகுதிகளை வென்ற அத்தேர்தலில் மா. சந்திரகாசியிடம் 1,28,495 வாக்குகளில் தோற்றார்.

ஒரே வேட்பாளர் ஒரே தொகுதியில் ஒவ்வொரு முறையும் புதுச் சின்னத்துடன் நின்றதற்குக் காரணம் தேர்தல் விதிகள். ஏற்பு பெறாத கட்சிக்கு நிலையான சின்னம் கிடையாது. பொதுப் பட்டியலில் உள்ள ஒன்றை அந்தந்தத் தேர்தலுக்கு மட்டும் ஆணையம் ஒதுக்கும். பல நேரங்களில் வாக்குப்பதிவுக்கு இரண்டு, மூன்று வாரங்களே இருக்கும்போதுதான் அது உறுதியாகும். அதற்குள் சுவரெழுத்தும் துண்டறிக்கையும் ஊருக்கு ஊர் போய்ச் சேர வேண்டும். கூட்டணித் தலைமைக் கட்சியின் சின்னத்தில் நின்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த வெற்றி அக்கட்சியின் கணக்கில் சேரும். 2001-இல் மங்களூர் (தனி) சட்டமன்றத் தொகுதியில் உதயசூரியனில் வென்ற திருமாவளவன், 2004-இல் அப்பதவியை விட்டு விலகினார்.

2019-ஆம் ஆண்டுத் தேர்தல்

இத்தொகுதியின் வரலாற்றில் மிக நெருக்கமான போட்டி இதுவே. திருமாவளவன் பானைச் சின்னத்தில் 5,00,229 வாக்குகளும், அ.தி.மு.க.வின் பொ. சந்திரசேகர் 4,97,010 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 3,219. தி.மு.க. அணி மாநிலத்தில் 38 இடங்களை வென்ற தேர்தலில் சிதம்பரம் மட்டும் இரவு நெடுநேரம் இழுபறியாக இருந்தது. பா.ம.க. அப்போது அ.தி.மு.க. அணியில் இருந்தது. வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று, அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் சேதப்படுத்தப்பட்டன. 1999-ஐ நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது புதிய செய்தி அன்று.

2024-இல் தேர்தல் ஆணையம் பானையை முதலில் மறுத்துப் பின்னர் வழங்கியது. திருமாவளவன் 5,05,084 வாக்குகளும், அ.தி.மு.க.வின் மா. சந்திரகாசன் 4,01,530 வாக்குகளும் பெற்றனர். அ.தி.மு.க.வும் பா.ச.க., பா.ம.க. அணியும் இம்முறை தனித்தனியே நின்றதால் எதிர் வாக்குகள் பிரிந்தன; வேறுபாடு 1,03,554 ஆக உயர்ந்தது. திருமாவளவனின் வாக்கு ஐந்தாயிரத்துக்கும் குறைவாகவே கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுசீரமைப்பும் மங்கலம்பேட்டைப் பகுதியும்

2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புக்கு முன் குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், மங்களூர் (தனி) ஆகியவையும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருந்தன. மறுசீரமைப்பில் மங்களூர் நீக்கப்பட்டுத் திட்டக்குடி (தனி) உருவானது; இந்த மேற்குப் பகுதி முழுதும் கடலூர் மக்களவைத் தொகுதிக்குச் சென்றது. அதற்கு ஈடாக அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவை சிதம்பரத்தில் சேர்ந்தன. திருமாவளவனின் சொந்த ஊரான அங்கனூர் இவ்வாறுதான் தொகுதிக்குள் வந்தது.

விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை சாலையிலுள்ள மங்கலம்பேட்டை பேரூராட்சி இன்று விருத்தாசலம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கும். (பெயர் ஒற்றுமையால் இதை மேலே சொன்ன மங்களூருடன் குழப்பிக்கொள்வதுண்டு, மங்களூர் திட்டக்குடிப் பக்கம் உள்ள வேறு ஊர்.) விருத்தாசலம் தே.மு.தி.க.வின் முதல் வெற்றிக்குப் பெயர்பெற்றது: 2006-இல் அக்கட்சி வென்ற ஒரே இடம் இது, வென்றவர் விசயகாந்து. அப்போது விருத்தாசலம் சிதம்பரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. 2009 முதல் இவ்வூர் வாக்காளர்கள் பொதுத் தொகுதியான கடலூருக்கு வாக்களிக்கின்றனர். 2009-இல் காங்கிரசின் கே. எஸ். அழகிரி, 2014-இல் அ.தி.மு.க.வின் ஆ. அருண்மொழித்தேவன், 2019-இல் தி.மு.க.வின் டி. ஆர். வி. எஸ். ரமேசு, 2024-இல் காங்கிரசின் எம். கே. விசுணு பிரசாத் ஆகியோர் அங்கு தேர்வாயினர்.

கட்சி ஏற்பு

மக்களவைத் தேர்தலில் ஒரு மாநிலத்தின் ஒவ்வொரு 25 இடங்களுக்கும், எஞ்சிய பகுதிக்கும், ஓர் உறுப்பினர் வீதம் வென்ற கட்சி மாநிலக் கட்சியாக ஏற்பு பெறலாம். 39 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் இதற்கு 2 உறுப்பினர்கள் தேவை. 2019-இல் விழுப்புரத்தில் வென்ற து. இரவிக்குமார் உதயசூரியனில் நின்றதால் அந்த வெற்றி கணக்கில் வரவில்லை. 2024-இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானையே வென்றது. 2025 சனவரியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மாநிலக் கட்சியாக ஏற்பு பெற்று, பானை அதன் நிலையான சின்னமாக ஒதுக்கப்பட்டது.